சாவு எப்படி வந்துச்சு?

போன சித்திரையில் எங்கள் குடும்பக் கோயில் கொடை. வில்லுப்பாட்டுக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, குடத்தைப் பிரிமணையில் இருத்திவிட்டு, பாட்டுப் படிக்கும் புலவர் வெற்றிலைச் செல்லத்தோடு திண்ணைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயது எழுபதுக்கு மேல். நாங்குநேரி வட்டாரத்தில் அவர் படிக்காத கோயில் இல்லை.

"அண்ணாச்சி, ஒங்க பெரியம்மை அவிய மகனையும் சேத்து ஒரு பாட்டு படிக்கணுங்காவ. பொறந்தது, படிச்சது, பட்டாளத்துக்குப் போனது எல்லாம் அவியளே சொல்லிட்டாவ. சாவு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, அது நீங்கதான் சொல்லணுமாம்."

"ஹெலிகாப்டர் மலையில மோதிட்டு புலவரே."

"அது ஊருக்கே தெரியும். எப்படி மோதிச்சு?"

"ஓட்டுனவரு தப்புன்னு காயிதத்துல இருந்துச்சு."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஓட்டுனவருக்கும் பிள்ளகுட்டி இருந்திருக்கும்லா. வேணும்னா கொண்டுபோயி மோதுவாரு? பொழுது எப்படி இருந்துச்சு? மழையா, மஞ்சா? மஞ்சுன்னா போகாண்டாம்னு சொல்ல அங்கன ஆளு இல்லியா? போகச் சொன்னது யாரு?"

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலைப் பராமரிக்கிறவனாக, இருபது வருடம் வேலை பார்த்தவன். என் கையெழுத்தில் பறந்த விமானங்களுக்குக் கணக்கில்லை. அந்த நாலு கேள்வியையும் என் தம்பி, அந்தப் பெரியம்மை மகன், விஷயத்தில் நான் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. காகிதத்தில் இருந்ததைப் பெரியம்மைக்குப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

அவனை விமானப்படைக்கு அழைத்துப்போனதே நான்தான். லீவில் வந்திருந்தபோது நெல்லை எக்ஸ்பிரஸில் கூட்டிக்கொண்டு போய்த் தாம்பரத்தில் ஆள் எடுப்புக்கு நிறுத்தினேன். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். பிறகு ஹெலிகாப்டரில் கூடவே பறக்கும் டெக்னீசியன் ஆனான். எந்த வருடம், எந்த முகாம், என்ன ரகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவனோடு போனவர்கள் வீட்டிலும் இதைப் படிக்க ஆள் இருக்கலாம். வடகிழக்கு மலைப் பக்கம், காலை நேரம். இவ்வளவு போதும்.

எங்கள் பக்கத்தில் துள்ளத் துடிக்கச் செத்தவர்களுக்குப் பீடம் போடுவார்கள். நோயில் கிடந்து போனவர்களுக்கு இது கிடையாது. வாழ வேண்டிய வயதில் வெட்டுப்பட்டோ, ஏமாற்றப்பட்டோ, பிறர் செய்த காரியத்தால் செத்தவர்களுக்கு உண்டு. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனவர்கள் பட்டவராயன் சன்னிதியில் காணிக்கைச் செருப்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கதையை வில்லில் படிக்கும்போது, மாடு கடத்த வந்தவர்களை விரட்டியதிலிருந்து, மறைந்திருந்த ஒருவன் குத்தியதுவரை ஒன்றுவிடாமல் வரும். யார் சொன்னது, யார் போனது, யார் பார்த்தும் சும்மா இருந்தது, எல்லாம் வரும். கதையைக் குறைத்துப் படித்தால் சாமி இறங்காது என்பார்கள். சிறுவயதில் அதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். அதே நான், ஒரு சாவுக்கு இரண்டு சொல்லில் காரணம் எழுதிக் கொடுத்ததை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

விமானத்தில் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு அப்படியே விடமாட்டோம். சில போல்ட்டின் தலையில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். அதில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோர்த்து, இரண்டு இழையையும் சடைபோல முறுக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்துப் போல்ட்டில் கட்டுவோம். லாக் வயர் என்று பெயர். முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், ஆனால் கம்பி வலுவிழந்துவிடக் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம், கம்பி எந்தப் பக்கமாக இழுக்கிறது என்பது. போல்ட் கழல முயன்றால் கம்பி அதை இறுக்குகிற பக்கமாக இழுக்க வேண்டும். பக்கம் மாற்றிக் கட்டினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும், அதிர்வில் போல்ட் தன்பாட்டுக்குக் கழன்றுகொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு வாரன்ட் ஆபீசர் நான் கட்டிய கம்பியை நகத்தால் தடவிப் பார்ப்பார், ஒன்றும் பேசாமல் கட்டரால் நறுக்கிவிட்டுப் போவார். ஒரே போல்ட்டுக்கு ஆறு தடவை. ஏழாம் தடவை தடவிப் பார்த்துவிட்டு நறுக்காமல் போனார். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மெடல் அதுதான்.

இன்னொன்று, டூல் போர்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் நிழலாக வரைந்திருக்கும். ஷிப்ட் முடியும்போது ஒரு நிழல் காலியாக இருந்தால் விமானம் பறக்காது. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவருக்காக ராத்திரி ரெண்டு மணிவரை டார்ச் வெளிச்சத்தில் ஹேங்கர் முழுக்கத் தவழ்ந்திருக்கிறோம். எல்லாம் முடிந்து, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-ல் கையெழுத்துப் போடுவேன். விமானி வந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டு ஏறுவார். என் பெயருக்கும் அவர் பெயருக்கும் நடுவில் ஒரு கோடுதான் இருக்கும்.

இப்படி வேலை பார்த்தவனுக்கு "ஓட்டியவர் தப்பு" என்று எழுதிய காகிதம் உள்ளூர ஒரு நிம்மதியையும் கொடுத்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேனர் பிடித்த கை தப்பித்தது என்ற நிம்மதி. அது தப்பான நிம்மதி. அது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸின் அடியில் காந்தத் தலையுள்ள ஒரு திருகு இருக்கும். உள்ளே பற்சக்கரம் தேய்ந்து வரும் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்போம். கண்மை தீற்றியதுபோலக் கறுப்பாக வந்தால் சாதாரணத் தேய்மானம். வெளிச்சத்தில் மினுக்கென்று ஒரு செதில் தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். துகள் சேர்ந்தால் பறக்கும்போதே விமானியின் முன்னால் எச்சரிக்கை வரும். 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானில் யாகுஷிமா தீவுக்குப் பக்கத்தில் அமெரிக்க விமானப்படையின், ஹெலிகாப்டர்போல எழும்பி விமானம்போலப் பறக்கும் ஓஸ்ப்ரே ஒன்று கடலில் விழுந்து எட்டுப் பேரும் இறந்தார்கள். அதில் இப்படி எச்சரிக்கை ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இறங்காமல் தொடர்ந்து பறந்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொல்லியது. ஆனால் அறிக்கை அங்கே நிற்கவில்லை. கியர்பாக்ஸின் உள்ளே ஒரு சிறு பற்சக்கரம் விரிசல் விட்டு உடைந்தது, அந்த வகை ஆபத்துபற்றி மேலே திட்ட அலுவலகத்துக்குத் தெரிந்தது பறக்கிறவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றும் எழுதியது. விமானியின் முடிவும் ஒரு காரணம். அந்த முடிவை எடுத்தபோது அவர் கையில் என்ன தகவல் இருந்தது, என்ன இல்லை என்பதும் காரணம். புலவர் கேட்ட கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இருக்கிறது.

அதற்கு முன், 2017 ஜூலை 10. மிசிசிப்பியில் அமெரிக்க மரைன் படையின் கேசி-130டி விமானம் நடுவானில் உடைந்து பதினாறு பேர் போனார்கள். ஒரு புரொப்பெல்லர் தகட்டில் துருக்குழி. 2011-ல் பழுதுபார்க்கும் பணிமனைக்கு வந்தபோது அந்தத் துருவைச் சரியாக எடுக்காமல் மேலே பெயின்ட் பூசி அனுப்பிவிட்டார்கள். குழி மெல்ல விரிசலாகி ஆறு வருடம் கழித்துத் தகடு பறந்தது. இதைப் படித்த அன்று நான் சோறு தின்னவில்லை. துருவைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்த கை எந்தக் கையோ, அதற்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அன்றைய ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டிருக்கும்.

இனி மஞ்சு. புலவர் முதலில் கேட்டது அதைத்தானே.

திருநெல்வேலிக்காரர்களுக்கு மேக்கே மலையில் மேகம் இறங்குவது புதிதில்லை. மாஞ்சோலைக்குப் பஸ்ஸில் போயிருந்தால் தெரியும். வளைவு திரும்பும்போது வெயில், அடுத்த வளைவில் டிரைவருக்கு முன் சக்கரமே தெரியாது. பஸ் என்றால் நிறுத்திவிட்டு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். வானத்தில் நிறுத்த இடம் கிடையாது.

கொடைக்குக் குடைராட்டினம் வரும் அல்லவா. அதில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பாருங்கள். ஒரே வேகத்தில் கொஞ்சநேரம் சுற்றியபின் சுற்றுவதே தெரியாது. ராட்டினம் வேகம் குறைந்து நிற்கப்போகும்போது, நாம் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். காதுக்குள்ளே மூன்று வளையக் குழாய், அதில் திரவம், அதுதான் நாம் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று சொல்கிறது. கண்ணும் கூட இருக்கும்வரை சரி. மேகத்துக்குள் நுழைந்து கண்ணுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாதபோது, காது சொல்வதை நம்பினால் பொய். சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறவருக்கு நேராகப் போகிற மாதிரி இருக்கும். நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத இருபது பேரை இப்படிச் சோதித்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க எடுத்த நேரம் சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. படை விமானிக்குக் கருவி பார்த்து ஓட்டத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளத்தாக்கில் தரையை ஒட்டிப் பறந்துகொண்டிருக்கும்போது, கண்ணிலிருந்து கருவிக்கு மாறுகிற அந்தச் சில வினாடிக்குள் மலை வந்துவிடும்.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து பகல் 11.48-க்கு ஒரு எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் கிளம்பியது. 12.15-க்கு வெல்லிங்டனில் இறங்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூரோடு தொடர்பு அறுந்தது. குன்னூர்ப் பக்கம் நஞ்சப்பச்சத்திரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உள்பட பதினாலு பேர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒருவர் மட்டும் ஒரு வாரம் உயிரோடு போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். நஞ்சப்பச்சத்திரத்து ஜனங்கள் வீட்டுக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதில்தான் காயப்பட்டவர்களைச் சுமந்தார்கள்.

2022 ஜனவரியில் முப்படை விசாரணையின் முடிவு வந்தது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, அதனால் விமானிக்குத் திசை உணர்வு தப்பியது, நல்ல நிலையில் இருந்த இயந்திரம் மலையில் மோதியது. எந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை என்று தெளிவாகவே சொன்னார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை ஒன்று வந்தது. 2017-லிருந்து 2022 வரையான திட்டக் காலத்தில் விமானப்படையில் நடந்த 34 விபத்துகள் அதில் வந்தன. குன்னூர் விபத்தின் வரிசையில் காரணம் என்று எழுதியிருந்தது: மனிதத் தவறு, விமானக் குழு. மேகம் போனது, பள்ளத்தாக்கு போனது, காதுக்குள் இருக்கும் திரவம் போனது. மறுநாள் செய்தியில் வந்ததெல்லாம் அந்தச் சொற்கள்தான். அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் தன் யூனிட்டுக்கே தலைமை அதிகாரியாக இருந்தவர். அவர் வீட்டில் அந்தச் செய்தியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மனிதர் தவறே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. செய்வார். நானே ஆறு தடவை கம்பியைத் தப்பாகக் கட்டினேன். தவறு செய்தார் என்று எழுதிய பிறகு, ஏன் என்று ஒரு வரியாவது எழுது என்கிறேன். ஏன் என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று ஓகையோவில் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற புது குண்டுவீச்சு விமானம் ஏறியவுடனே விழுந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், கைதேர்ந்தவர். தரையில் நிற்கும்போது காற்றில் வால் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். விமானி தப்பு என்று மூடியிருக்கலாம். மூடவில்லை. இவ்வளவு பெரிய எந்திரத்தில் ஒருவர் ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது என்று, கிளம்புமுன் வரிசையாகப் படித்துச் சரிபார்க்கும் செக்லிஸ்ட் பிறந்தது. இன்றைக்கு நாங்குநேரிப் பக்கம் யாராவது தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் பறந்தால், அந்த ஹில் செத்ததன் பலன் அவர்களையும் சுமந்துகொண்டு போகிறது.

போர்க்காலத்தில் இன்னொன்று. பி-17 விமானிகள் இறங்கியபின் ஓடுதளத்திலேயே சக்கரத்தை மடக்கிவிட்டு வயிற்றால் தேய்த்தார்கள். விமானி தப்பு, விமானி தப்பு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அல்போன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் போய் உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்துக்கான பிடியும் இறக்கைத் தட்டுக்கான பிடியும் பக்கத்துப் பக்கத்தில், கைக்கு ஒரே மாதிரி. களைத்துப்போனவன் கை எதைத் தொடும்? ஒன்றின் முனையில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டையும் ஒட்டச் சொன்னார். அந்த வகை விபத்து நின்றேபோனது. தப்பு விரலில் இல்லை, பிடியில் இருந்தது. இதைப் படித்தபோது நம்மூர் சமையல்கட்டில் உப்புச் சாடியையும் சீனி டப்பாவையும் தொட்டே கண்டுபிடிக்கும்படி வேறு வேறாக வைக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

நம்மிடம் மிக்-21 போர் விமானத்தின் கதை இருக்கிறது. 1963-ல் வந்தது, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அறுபத்திரண்டு வருடம். பறக்கும் சவப்பெட்டி என்று வைத பெயரும் அதற்கு வந்தது. அதைப் பராமரித்த நண்பர்களுக்கு அந்தப் பேர் கேட்டாலே மனசு கூசும், அவ்வளவு பிரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: அந்த வருடம் ஏப்ரல் வரை மிக் ரக விமானங்கள் 482 விபத்தில் போயின, 171 விமானிகள் இறந்தார்கள், கீழே இருந்த 39 பொதுமக்களும் இறந்தார்கள். மனிதத் தவறும் எந்திரக் கோளாறும் காரணம் என்றார்.

அந்த மனிதத் தவறுக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. பயிற்சி பெறும் பையன்கள் கிரண் என்ற மெதுவான ஜெட்டில் பழகிவிட்டு நேரே மிக்-21-ல் ஏறினார்கள். மிக் இறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். மாட்டுவண்டி ஓட்டியவனை நேராக நாற்கரச் சாலையில் ஆம்னி பஸ்ஸில் உட்காரவைத்த மாதிரி. நடுவில் ஒரு நவீன பயிற்சி ஜெட் வேண்டும் என்று, விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபான்டைன் குழு 1982-லேயே பரிந்துரை செய்துவிட்டது. ஒப்பந்தம் போட்டது 2004-ல். அந்தப் பயிற்சி ஜெட்டான ஹாக் பீதரில் சேர்க்கப்பட்டது 2008-ல். இருபத்தாறு வருடம். குழு சொன்ன வருடத்தில் பிறந்த குழந்தை அதற்குள் வளர்ந்து, விமானியாகி, மிக் ஓட்டியிருக்கலாம். அந்த இடைவெளியில் இறங்கத் தெரியாமல் செத்த பையனுடைய காகிதத்தில் அவன் தப்பு என்று இருக்கும். இருபத்தாறு வருடம் கோப்பை வைத்திருந்த மேசைகளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

தப்பாக எழுதியதை மாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஒன்று. 1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தில் மல் ஆஃப் கின்டையர் மலையில், மூடுபனிக்குள் பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேர் இறந்தார்கள். ஓட்டிய ஜோனதன் டேப்பர், ரிச்சர்ட் குக் இருவர்மீதும் பெரும் அலட்சியம் என்று 1995-ல் மேலதிகாரிகள் எழுதினார்கள். இறந்த விமானிமீது அப்படி எழுத வேண்டுமென்றால் துளியும் சந்தேகம் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அந்த ரகத்தின் எஞ்சின் மென்பொருளைப் பற்றி முன்பே கேள்வி இருந்தது. குடும்பத்தார் விடவில்லை. 2011-ல், பதினாறு வருடம் கழித்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அரசு மன்னிப்புக் கேட்டது. உண்மையில் என்ன நடந்தது என்பது இன்றுவரை முழுதாகத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியதே ஒரு நீதிதான்.

அதே நாட்டில் நிம்ராட் என்ற கண்காணிப்பு விமானம். 2006 செப்டம்பர் 2, ஆப்கானிஸ்தானில் தீப்பிடித்து 14 பேர். நடுவானில் எரிபொருள் நிரப்பும்போது கசிந்தது, கொதிக்கும் குழாய்மேல் பட்டது. சார்லஸ் ஹாடன்-கேவ் என்ற வழக்கறிஞர் 2009-ல் எழுதிய அறிக்கை அதிகாரிகளையும் கம்பெனிகளையும் பேர்சொல்லிக் குற்றம் சாட்டியது. முப்பது வருடம் பறந்த விமானம், ஒன்றும் ஆகாது என்ற நினைப்போடு பாதுகாப்புச் சோதனையை ஒப்புக்குச் செய்தார்கள் என்று எழுதினார். எனக்குத் தெரிந்து, இப்படி ஒரு அறிக்கையை நம் நாட்டில் எந்தத் தாயும் கையில் வாங்கியதில்லை. நம் படை விசாரணைகள் பொதுவில் வருவதில்லை. ரகசியம் காக்க வேண்டியது இருக்கும், அதை வைத்துக்கொள்ளட்டும், இருபது வருடம் சீருடை போட்டவனுக்கு அது புரியும். மேகம் இருந்ததா என்பது ரகசியம் இல்லையே.

நம்மால் முடியாது என்றும் இல்லை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரில் பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்ஐ-17-ஐ வீழ்த்தியது. படைக்காரர்கள் ஆறு பேர், கீழே ஒருவர். அந்த அக்டோபரில் விமானப்படைத் தளபதி பதோரியா பத்திரிகையாளர் முன்னால் அது எங்கள் பெரிய தவறு என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குப் படைமேல் மரியாதை கூடியது.

தேடுவதையும் விடுவதில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏஎன்-32 விமானம் வங்கக் கடலில் 29 பேரோடு காணாமல் போனது. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்களைப் படமெடுத்தார்கள். 1968 பிப்ரவரி 7 அன்று இமாசலத்தில் ரோத்தாங் பக்கம் 102 பேரோடு மறைந்த ஏஎன்-12 விமானத்திலிருந்து 2024-லும் நாலு உடல்கள் பனியிலிருந்து வெளியே வந்தன. ஐம்பத்தாறு வருடம். உடலைத் தேடிக் கொடுக்கிற அதே அக்கறையோடு காரணத்தையும் கொடுத்தால் என்ன?

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் ஸ்யால் இறந்தார். எங்கள் ஊர் டீக்கடையில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அஞ்சு நிமிடத்தில் ஆளுக்கு ஒரு காரணம். நான் விமானப்படைக்காரன் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வீடியோவை நான் இதுவரை பார்க்கவில்லை.

திண்ணைக்குத் திரும்பவும் வருகிறேன். அன்று ராத்திரி புலவருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தம்பியோடு ஒரே அறையில் இருந்த பையன் பின்னால் என்னிடம் போனில் சொன்னது: விடியற்காலை மலை தெரியவில்லை, ஒருதரம் தள்ளிப் போட்டார்கள், மேலே ஒரு காவல் சாவடியில் மண்ணெண்ணெயும் மருந்தும் தீர்ந்திருந்தது, கொஞ்சம் வெளுத்ததும் கிளம்பிவிட்டார்கள். தம்பி முந்தின நாளும் பறந்திருந்தான்.

"வெளுத்ததும்னா, யாருக்கு வெளுத்துச்சு? இங்கன கீழ இருக்கவனுக்கா, மேல சாவடியில இருக்கவனுக்கா?" என்று கேட்டார் புலவர்.

இதை ஒரு விசாரணை அதிகாரி கேட்டிருக்க வேண்டும். கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் நடுச்சாமத்துக்கு முன்னால் பாட்டு வந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் பெரியம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேட்டி கட்டிய புலவர் வீசுகோலால் நாணைத் தட்டி, தாம்பரத்து ஓட்டத்தில் அவன் முதலில் வந்ததைப் படித்தார், மலையைப் படித்தார், மருந்துக்குக் காத்திருந்த சாவடிக்காரனைப் படித்தார், ஓட்டியவரையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்துப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் குடக்காரர் "ஆமா" போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் புலவர் குரலை இறக்கி, "மஞ்சு கலையுமுன்னே போகச் சொன்னது யாரு மக்கா" என்று இழுத்தார். குடக்காரர் ஆமா போடவில்லை. உடுக்கும் நின்றது. பிறகு அடுத்த சாமியின் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொடை முடிந்து எட்டாம் நாள் பெரியம்மை வந்தாள். மடியிலிருந்து பழைய காகிதத்தை எடுத்து நீட்டினாள், மடிப்பில் கிழிந்திருந்தது.

"எய்யா, இதுக்கு மேல ஒரு காயிதம் அவிய்ட்ட இருக்கும்லா? அத எழுதிக் கேளு."

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். விசாரணையின் முடிவுகள், அன்றைய வானிலைக் குறிப்பு, பறக்க அனுமதி கொடுத்த விவரம் என்று வரிசையாக ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "புலவரு கேட்டத எழுதலயே நீ" என்றாள். எழுதியிருக்கிறேன், மூன்றாவது கேள்வி அதுதான் என்றேன். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, பேரன் பிடித்துக்கொடுத்த பேனாவால் தன் பெயரைத் தானே எழுதினாள், நாலு எழுத்துக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை வைத்து, பாளையங்கோட்டையில் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.